கேஸ் பிளான்ட் வெசல்களில் திரவ மட்டம் அளப்பது எப்படி? உயர் அழுத்தத்திலும் கடுங்குளிரிலும் ஏமாறாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் இருந்த பி.பி. சுத்திகரிப்பு ஆலையில், நிறுத்தி வைத்திருந்த ஐசோமெரைசேஷன் யூனிட்டை (பெட்ரோலின் தரத்தைக் கூட்டும் பகுதி) மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். பகல் 1 மணி வாக்கில் 52 மீட்டர் உயர டவருக்குள் திரவம் 48 மீட்டர் வரை ஏறியிருந்தது. கன்ட்ரோல் ரூம் திரையில் தெரிந்த மட்டம் 2.4 மீட்டர். அதுவும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் டவர் நிரம்பி வழிந்து, வென்ட் வழியாக ஹைட்ரோகார்பன் திரவம் வெளியே பீய்ச்சியடித்துத் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள்.

இறங்காத மட்டம் திரையில் ஏன் இறங்கியது? அங்கே இருந்தது டிஸ்ப்ளேசர் வகைக் கருவி. திரவத்தில் தொங்கும் ஓர் உலோக உருளையின் மேல் எவ்வளவு மிதப்பு விசை வருகிறது என்பதைத்தான் அது உணர்கிறது. டவரின் அடி 2.7 மீட்டருக்குள் இருக்கும் மட்டத்தை மட்டும் பார்க்கவே அது பொருத்தப்பட்டிருந்தது. உருளை முழுதாக மூழ்கிய பிறகு மேலே எத்தனை மீட்டர் திரவம் ஏறினாலும் மிதப்பு விசை கூடாது. ஆனால் திரவம் சூடாகச் சூடாக அடர்த்தி குறையும், மிதப்பு விசையும் குறையும். கருவி அதை மட்டம் குறைவதாகக் காட்டியது. போதாக்குறைக்கு அளவீட்டில் போட்டிருந்த அடர்த்தியும் அந்தத் திரவத்துக்கு உரியதல்ல. மட்டத்தை நேரில் பார்க்க வைத்த கண்ணாடியான சைட் கிளாஸ் அழுக்கேறிப் பார்க்க முடியாத நிலையில் இருந்தது. தனியாக வைத்திருந்த ஹை லெவல் அலாரமும் அடிக்கவில்லை.

அது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஆனால் இயற்கை எரிவாயு பிளான்ட்டின் வெசல்களில், அதாவது அழுத்தக் கலன்களில், இதே சிக்கல்கள் இன்னும் அதிகம். எந்த லெவல் கருவியும் மட்டத்தை அளப்பதில்லை. எடையையோ, மிதப்பையோ, அலை திரும்பும் நேரத்தையோ, கதிர் குறைவதையோ அளந்து, சில அனுமானங்களை வைத்து மட்டம் என்று ஓர் எண்ணைச் சொல்கிறது. 70 பார் அழுத்தத்திலும் மைனஸ் 100 டிகிரியிலும் அந்த அனுமானங்கள்தான் முதலில் உடைகின்றன. ஆகவே உங்கள் கருவி எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த நம்பிக்கை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

படி 1: கருவிக்கு முன் வெசலைப் படியுங்கள்

கேட்டலாக்கைத் திறக்கும் முன் வெசலின் டேட்டா ஷீட்டை எடுத்து வையுங்கள். அதில் நார்மல் நிலை மட்டும் இருந்தால் போதாது. ஸ்டார்ட்அப், ஷட்டவுன், அவசரமாக அழுத்தத்தை இறக்குவது, திரவமே இல்லாமல் கேஸ் மட்டும் ஓடுவது என ஒவ்வொரு நிலையிலும் அழுத்தம், வெப்பநிலை, திரவத்தின் அடர்த்தி, அதற்கு மேலே நிற்கும் கேஸின் அடர்த்தி ஆகிய நான்கும் வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது கேஸின் அடர்த்தியைத்தான். காற்று மண்டல அழுத்தத்தில் அதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் பெரிய தவறு வராது. ஆனால் 70 பாரில், 27 டிகிரியில், மூலக்கூறு எடை 18 உள்ள இயற்கை எரிவாயு கன மீட்டருக்கு ஏறத்தாழ 58 கிலோ இருக்கும். கீழே நிற்கும் கன்டென்சேட்டோ, அதாவது கேஸிலிருந்து பிரியும் லேசான எண்ணெயோ, 650 கிலோதான். பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட முடியாது. திரவங்களும் கனமானவை அல்ல. கொதிநிலையில் உள்ள திரவ மீத்தேன் 422 கிலோ, ஈத்தேன் 544, சாதாரண வெப்பநிலையில் புரப்பேன் 500 சுற்றுவட்டாரம். தண்ணீரை மனதில் வைத்துக்கொண்டு வரும் உள்ளுணர்வு இங்கே உதவாது.

அடுத்து, வெசலுக்குள் எத்தனை படலங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். வரும் கேஸிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் இன்லெட் செப்பரேட்டரில் கேஸ், கன்டென்சேட், தண்ணீர் என மூன்று. அமில வாயுக்களைக் கழுவி எடுக்கும் அமீன் டவரில் திரவத்துக்கு மேலே நுரை. குழாயில் மொத்தமாக வரும் திரவத்தைப் பிடிக்கும் ஸ்லக் கேச்சரில் மணல், மெழுகு, சேறு. மீத்தேனைப் பிரிக்கும் டெமெத்தனைசர் டவரில் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும் திரவம். நுரையின் உச்சியும் தெளிந்த திரவத்தின் உச்சியும் வேறு வேறு. உங்களுக்கு எது தேவை என்பதை பிராசஸ் இன்ஜினியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 2: வெசலுக்கு ஏற்ற கருவி

இன்லெட் பக்கத்திலிருந்து தொடங்குவோம். ஸ்லக் கேச்சர், இன்லெட் செப்பரேட்டர் இரண்டிலும் அழுக்கு அதிகம் என்பதால் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். தண்டு (புரோப்) வழியாக மைக்ரோவேவை அனுப்பி அது திரும்பும் நேரத்தைப் பார்க்கும் கைடட் வேவ் ரேடார், ஒற்றைத் தண்டோடு; அல்லது மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் டி.பி. டிரான்ஸ்மிட்டர், மெல்லிய உலோகத் தகடான டயாஃப்ரம் சீலோடு. இரண்டில் ஒன்று சரிவரும். குழாய்க்குள் குழாய் இருக்கும் கோஆக்சியல் புரோபை இங்கே வைத்தால் மெழுகு சேர்ந்து அடைத்துவிடும். தண்ணீர், கன்டென்சேட் எல்லையை அளக்கவும் ரேடார் நன்றாகவே உதவும், மேல்படலம் மெல்லியதாக இல்லாதவரை.

அமீன் டவரின் (கான்டாக்டரின்) அடியில் நுரை. டி.பி. எடையைப் பார்ப்பதால் நுரையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, தெளிந்த திரவத்துக்குச் சமமான மட்டத்தைச் சொல்லும். ரேடார் நுரையின் தன்மையைப் பொறுத்து அதன் உச்சியிலோ நடுவிலோ திரும்பும், சில நேரம் எதிரொலியே வராது. இரண்டையும் ஒரே வெசலில் வைத்தால் அவற்றுக்கு இடையே வரும் வித்தியாசமே நுரைக்கு முன்னறிவிப்பாகும். திரவத்தைக் கொதிக்க வைக்கும் ரீபாய்லர் பக்கம் அமீன் 120 டிகிரியைத் தாண்டும், கேஸின் ஈரத்தை உறிஞ்சும் டிரைஎத்திலீன் கிளைகால் 200 டிகிரியைத் தொடும். அங்கே ரேடார் புரோபின் சீல், டயாஃப்ரம் சீலிலிருந்து வரும் மெல்லிய குழாயான கேபிலரியின் எண்ணெய் இரண்டும் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று பாருங்கள்.

அல்ட்ராசானிக் கருவியை அழுத்த வெசல்களில் யோசிக்கவே வேண்டாம். ஒலியின் வேகம் கேஸின் கலவையோடும் வெப்பநிலையோடும் மாறும். திறந்த தொட்டிகளில் அது நல்ல கருவிதான்.

மேக்னெடிக் லெவல் கேஜ் ஆபரேட்டர்களுக்குப் பிடிக்கும், எட்டத்திலிருந்தே கலர் தெரியும். ஆனால் 500 கிலோ அடர்த்தித் திரவத்தில் மிதக்கவும் வேண்டும், 70 பாரில் நசுங்காமலும் இருக்க வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் அந்த மிதவை (ஃப்ளோட்) மெல்லிய சுவருள்ள பெரிய உருளையாகிவிடும். சட்டென்று அழுத்தம் ஏற்றினால் அது சேம்பரின் உச்சியில் மோதிப் பழுதாவதும் உண்டு. மொத்தத்தில், சுத்தமான லேசான திரவத்துக்கு என் முதல் தேர்வு கைடட் வேவ் ரேடார், இரண்டாவது டி.பி. புது பிளான்ட்டில் டிஸ்ப்ளேசர் கேட்கும் காரணம் எனக்குப் பெரும்பாலும் புரிவதில்லை.

படி 3: நாசிலும் பிரைடிலும்

நல்ல கருவியைத் தப்பான இடத்தில் மாட்டினால் தப்பான இடத்தின் மட்டத்தைத்தான் அது காட்டும்.

கருவியை மாட்ட வெசலில் உள்ள குழாய்வாய்தான் நாசில். இரண்டு நாசில்களின் இடைவெளிதான் உங்கள் பார்வையின் எல்லை. திரவம் மேல் நாசிலைத் தாண்டிவிட்டால் டி.பி.யும் டிஸ்ப்ளேசரும் குருடாகிவிடும், டெக்சாஸ் சிட்டியில் நடந்ததைப் போல. ஸ்டார்ட்அப்பில் நிரம்ப வாய்ப்புள்ள டவர் என்றால், டவரின் கணிசமான உயரத்தை மூடும் ஓர் அகல ரேஞ்ச் டிரான்ஸ்மிட்டரைத் தனியாகக் கேளுங்கள். அல்லது அடியிலிருந்து உச்சிக்கு மொத்த அழுத்த வித்தியாசம் காட்டும் ஒன்றையாவது கேளுங்கள்.

இன்லெட் கேஸ் நேராக அடிக்கும் இடத்திலும், திரவம் வெளியேறும் வாயில் சுழலைத் தடுக்கும் வோர்டெக்ஸ் பிரேக்கருக்குப் பக்கத்திலும் நாசில் வேண்டாம். அடி நாசிலை வெசலின் கடைசி அடிப்பகுதியில் வைத்தால் மணலும் துருவும் அங்கேதான் போய்ச் சேரும்.

வெசலுக்கு வெளியே நிற்கும் செங்குத்துக் குழாய்தான் பிரைடில். அதில் கருவி மாட்டினால், ஓடும் பிளான்ட்டில் வால்வை மூடிவிட்டுக் கருவியைக் கழற்றலாம். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பிரைடிலுக்குள் இருக்கும் திரவம் வெசலில் இருக்கும் திரவத்தின் வெப்பநிலையில் இருப்பதில்லை. சூடான வெசலில் அடர்த்தி 600, வெளியே ஆறிப்போன பிரைடிலில் 700 என்று வையுங்கள். வெசலில் அடி நாசிலுக்கு மேல் 2 மீட்டர் நின்றால் பிரைடிலில் 1.71 மீட்டர்தான் நிற்கும். இயற்பியலே 29 சென்டிமீட்டர் குறைத்துவிட்டது. கருவியை எத்தனை முறை கேலிபிரேட் செய்தாலும் இது போகாது. ஆகவே சூடான சர்வீஸில் பிரைடிலுக்கு நல்ல இன்சுலேஷன் போடுங்கள்.

குளிர்ந்த சர்வீஸில் கதை தலைகீழ். வெளிச்சூடு பிரைடிலுக்குள் புகுந்து திரவத்தைக் கொதிக்க வைக்கும், குமிழிகளோடு மட்டம் மேலே தூக்கிக் காட்டும், துள்ளும். வளைகுடா நாடுகளின் கோடையில் நிழலிலேயே 45 டிகிரிக்கு மேல் போகும். நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கேதான் இந்த வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று படலம் உள்ள செப்பரேட்டரில் பிரைடிலுக்கு இரண்டே நாசில் போட்டால் இன்னொரு தொல்லை வரும். அடி நாசில் தண்ணீருக்குள்ளும் மேல் நாசில் கேஸிலும் இருந்தால், கன்டென்சேட் உள்ளே வரவும் போகவும் வழியில்லை. முன்பு எப்போதோ மாட்டிக்கொண்ட கன்டென்சேட் அப்படியே நிற்கும், வெசலில் எல்லை மாறினாலும் பிரைடிலில் ஒழுங்காக மாறாது. கன்டென்சேட் படலத்தில் திறக்கும் நடு நாசில் கட்டாயம்.

படி 4: டி.பி. கணக்கைக் கையால் போடுங்கள்

சாஃப்ட்வேர் போட்டுத் தந்தாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். நாசில் இடைவெளி 2 மீட்டர், திரவம் 650, கேஸ் 58, ஈர்ப்பு முடுக்கம் 9.81 என்று எடுத்துக்கொள்வோம்.

மேல் குழாயில் கேஸ் மட்டும் நிற்கும் டிரை லெக் என்றால், 0 சதவீதத்தில் இரண்டு பக்கமும் ஒரே கேஸ், வித்தியாசம் பூஜ்யம். 100 சதவீதத்தில் 650இலிருந்து 58ஐக் கழித்து, 9.81ஆலும் 2ஆலும் பெருக்கினால் 11,615 பாஸ்கல், அதாவது 116 மில்லிபார். கேஸை மறந்துவிட்டு 650ஐ மட்டும் போட்டவர் 127.5 மில்லிபார் என்று ரேஞ்ச் வைத்திருப்பார். அவருடைய வெசல் முழுதாக நிரம்பும்போது திரை 91 சதவீதம் காட்டும். மட்டம் மிக உயர்ந்தால் தானாக நிறுத்தும் ஹை ஹை டிரிப்பை 95இல் வைத்திருந்தால் அது நேரத்துக்கு அடிக்காது.

டிரை லெக் என்பது பெயரில்தான் டிரை. கேஸ் குளிர்ந்து கன்டென்சேட் அதில் சேர்ந்தால் மேல் பக்க எடை கூடி, திரையில் மட்டம் குறைந்து தெரியும். இதற்காகத்தான் கேபிலரி வைத்த ரிமோட் சீலுக்கு மாறுகிறார்கள். இரண்டு நாசிலிலும் டயாஃப்ரம், நடுவே சிலிக்கோன் எண்ணெய், அடர்த்தி 934. இப்போது 0 சதவீதத்தில் 58இலிருந்து 934ஐக் கழித்து, 9.81, 2 ஆகியவற்றால் பெருக்க வேண்டும்: மைனஸ் 171.9 மில்லிபார். 100 சதவீதத்தில் 650இலிருந்து 934ஐக் கழிக்க, மைனஸ் 55.7 மில்லிபார். இரண்டுக்கும் இடைவெளி பழையபடி 116தான். டிரான்ஸ்மிட்டரை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் இந்த எண்கள் மாறாது. அதனால் டிரான்ஸ்மிட்டரின் இடத்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ரிமோட் சீலின் பலவீனம் வெயில். இந்த எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே கேபிலரி 20 டிகிரி சூடேறினால் எண்ணெய் நிரலின் எடை ஏறத்தாழ 4 மில்லிபார் குறையும். நம் 116 மில்லிபார் ஸ்பானில் அது 3.4 சதவீதம். ஒவ்வொரு நாளும் மதியம் மட்டம் கொஞ்சம் ஏறி இரவில் இறங்குகிறது என்று ஆபரேட்டர் சொன்னால் முதலில் கேபிலரியில் வெயில் படுகிறதா என்று பாருங்கள். இரண்டு கேபிலரிகளையும் சேர்த்துக் கட்டி, மூடி, நிழலில் கொண்டு போங்கள்.

ஹைட்ரஜன் அல்லது ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள சர்வீஸில் டயாஃப்ரத்துக்குத் தங்க முலாம் கேளுங்கள். மெல்லிய உலோகத்தை ஹைட்ரஜன் ஊடுருவி எண்ணெய்க்குள் போய்ச் சேரும், அழுத்தம் இறங்கும்போது குமிழியாகி டயாஃப்ரத்தை உப்ப வைக்கும். பொறியாளர்களுக்கு ஆடம்பரம் போலத் தோன்றும் இந்த முலாம், பழுதான சீலை மாற்றும் செலவில் ஒரு பகுதிதான்.

படி 5: குளிர்ந்த பகுதி

கேஸை விரியவிட்டுக் குளிர்விக்கும் டர்போ எக்ஸ்பாண்டர் பிளான்ட்டின் கோல்டு செப்பரேட்டரும் டெமெத்தனைசரும் தனி உலகம். டெமெத்தனைசரின் உச்சி மைனஸ் 100 டிகிரி அளவுக்குப் போகும். சாதாரண சிலிக்கோன் எண்ணெய் மைனஸ் 40ஐத் தாண்டினாலே கெட்டியாகத் தொடங்கிவிடும், ஆகவே ரிமோட் சீலை மறந்துவிடுங்கள்.

இங்கே பழைய, எளிய டி.பி. முறை அழகாக வேலை செய்கிறது, குழாய் சரியாக ஓடினால் மட்டும். கீழ் நாசிலிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு வரும் குழாயான இம்பல்ஸ் லைனை இன்சுலேஷனுக்கு வெளியே வரை கிடையாக, லேசான ஏற்றத்தோடு கொண்டு வர வேண்டும். வெளிச்சூடு பட்டுத் திரவம் அந்தக் கிடைப் பகுதியில் ஆவியாகும். அதற்கு அப்பால் குழாய் முழுக்க கேஸ்தான். திரவம் முடிந்து கேஸ் தொடங்கும் எல்லை கிடைக் குழாயில் முன்பின் நகர்ந்தாலும் உயரம் மாறுவதில்லை, அதனால் அளவும் மாறுவதில்லை. பிறகு குழாய் மேலே ஏறி, மேல் நாசிலுக்கும் உயரத்தில் வைத்த டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். அந்தக் கிடைப் பகுதியைத் தவிர்த்துவிட்டு நேராகச் செங்குத்தாக இறக்கினாலோ ஏற்றினாலோ எல்லை மேலும் கீழும் ஆடும், திரையில் மட்டம் குதிக்கும். குழாயின் துளை ரொம்பச் சிறியதாக இருந்தாலும் கொதிப்பின் விக்கல் திரை வரை வரும்.

குழாயைச் சூடாக வைக்க வெளியே சுற்றும் ஹீட் டிரேசிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இயற்கை எரிவாயுவும் தண்ணீரும் 70 பாரில் சேர்ந்தால் 15 டிகிரி அளவிலேயே ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி போன்ற பொருள் உண்டாகி இம்பல்ஸ் லைனை அடைக்கும். இன்லெட் பக்கம் டிரேசிங் தேவைதான். அதே வழக்கத்தில் லேசான திரவம் நிற்கும் லைனிலும் டிரேசிங் சுற்றிவிட்டால் அது உள்ளே கொதிக்கும். லைன் வாரியாக முடிவெடுங்கள்.

கொதித்துக் கொதித்துத் திரவம் போன பின் கனமான ஹைட்ரோகார்பன்கள் அந்த முட்டுச் சந்தில் தங்கும். மாதங்கள் போகப் போக ஜீரோ நகர்ந்தால் இதைச் சந்தேகியுங்கள், உலர்ந்த நைட்ரஜனால் தள்ளிவிடுங்கள்.

குளிர்ப் பகுதியில் மட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எஸ்ஸோ பிளான்ட் சாட்சி. 1998 செப்டம்பர் 25 அன்று அங்கே கேஸிலுள்ள கனமான பகுதிகளை எண்ணெயால் உறிஞ்சும் அப்சார்பரின் அடியில் கன்டென்சேட் மட்டம் மிகுந்து, உறிஞ்சி முடித்த எண்ணெய் போகும் ரிச் ஆயில் லைனுக்குள் வழிந்தது. அதைத் தொடர்ந்து சுத்தமான எண்ணெயை அனுப்பும் லீன் ஆயில் பம்புகள் நின்றன. சூடாக இருக்க வேண்டிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்து, எஃகு கண்ணாடியைப் போல நொறுங்கும் நிலைக்கு வந்தது. மறுபடி சூடான எண்ணெயை விட்டதும் உடைந்தது. இருவர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள், விக்டோரியா மாநிலமே சுமார் இரண்டு வாரம் கேஸ் இல்லாமல் தவித்தது.

படி 6: ரேடாரை அமைப்பது

கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வது போலத்தான் ரேடாரும். சிக்கல் என்னவென்றால் லேசான ஹைட்ரோகார்பன்கள் சத்தமே போடுவதில்லை. அலையை எவ்வளவு திருப்பும் என்பதைத் தீர்மானிக்கும் டைஎலக்ட்ரிக் மாறிலி தண்ணீருக்கு 80, அது வரும் மைக்ரோவேவ் ஆற்றலில் 64 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். புரப்பேன், எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) போன்றவற்றுக்கு 1.7தான், திரும்புவது 2 சதவீதத்துக்கும் குறைவு. நாசில் விளிம்பின் எதிரொலி அதைவிடப் பெரியதாக இருக்கலாம். சுத்தமான லேசான திரவத்துக்குக் கோஆக்சியல் புரோப் போடச் சொல்வது ஆற்றல் சிதறாமல் இருக்கத்தான்.

அமைக்கும்போது எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், எதிரொலி வரைபடத்தைத் திறங்கள். வெசல் காலியாக இருக்கும்போது ஒரு படம், பாதியில் ஒன்று, நார்மலில் ஒன்று என்று சேமித்து வையுங்கள். பின்னால் சந்தேகம் வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் இருக்கும். எதிரொலியை ஏற்கும் குறைந்தபட்ச அளவான திரெஷோல்டைத் தண்ணீருக்குப் போடுவது போல உயரத்தில் வைத்தால் 2 சதவீத எதிரொலி அதற்குக் கீழே போய்விடும். கருவி புரோபின் முனையைத் திரவம் என்று நினைத்து 'காலி' என்று காட்டும். புரோபின் மேல் பகுதியிலும் அடியிலும் சில சென்டிமீட்டர் குருட்டுப் பகுதி உண்டு. உங்கள் ஹை ஹை டிரிப் அந்த மேல் குருட்டுப் பகுதிக்குள் விழுகிறதா என்று பாருங்கள், அடிக்கடி விழும்.

கேஸ் அடர்த்தி இங்கேயும் விளையாடும். 70 பார் மீத்தேனில் அலை சுமார் 3 சதவீதம் மெதுவாகப் போகும். திரவத்துக்கு மேலே 2 மீட்டர் கேஸ் இருந்தால் கருவி அதை 2.06 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும், மட்டம் 6 சென்டிமீட்டர் குறைவாகத் தெரியும். கேஸின் டைஎலக்ட்ரிக் மதிப்பை உள்ளிடும் இடம் எல்லா நல்ல கருவியிலும் உண்டு. அதைத் தொடாமல் 1 என்றே விட்டுவிடுகிறார்கள்.

எல்.என்.ஜி. சேமிப்புத் தொட்டிகள் இந்தக் கட்டுரைக்கு வெளியே நிற்பவை. எண்ணூர் முனையத்தில் இருப்பவை போன்ற அந்த மாபெரும் தொட்டிகளில் அழுத்தம் மிகக் குறைவு, மைனஸ் 162 டிகிரி, அளவீடு விற்பனைக் கணக்குக்கும் பயன்படும். மேலிருந்து கீழே வரை வெப்பநிலையையும் அடர்த்தியையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஏனென்றால் அடுக்கடுக்காகப் பிரிந்த திரவம் திடீரென்று புரண்டு பெருமளவு ஆவியைக் கக்கும், 1971இல் இத்தாலியின் லா ஸ்பெசியாவில் நடந்தது போல.

படி 7: உள்ளே எதுவும் நுழைய முடியாதபோது

அழுத்தம், அரிப்பு, கெட்டியாகும் பொருள் என்று எல்லாம் சேர்ந்தால் கடைசி வழி காமா கதிர். ஒரு பக்கம் சீசியம் 137 அல்லது கோபால்ட் 60, எதிர்ப் பக்கம் டிடெக்டர். வெசலில் துளையே தேவையில்லை. சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு, கோபால்ட்டுக்கு 5 ஆண்டுக்குச் சற்று மேல். கோபால்ட் ஆண்டுக்கு 12 சதவீதம் பலவீனமாகும் என்பதால் தேய்மானத் திருத்தம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், பொறுப்பான கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியும் வேண்டும்.

காலி வெசல் அளவீட்டைக் காற்று மண்டல அழுத்தத்தில் எடுத்துவிட்டு அப்படியே விடக் கூடாது. 2 மீட்டர் விட்டத்தில் 70 பார் கேஸே கதிரைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும், கருவி அதைத் திரவம் என்று சொல்லும். இயங்கும் அழுத்தத்தில் மறுபடி எடுங்கள், அல்லது அழுத்தத்தை வைத்துத் திருத்தம் போடுங்கள். இன்னொன்று: பக்கத்தில் வெல்டுக்கு ரேடியோகிராஃபி எடுத்தால் டிடெக்டர் குழம்பி வெசல் காலி என்று கத்தும். ரேடியோகிராஃபி பர்மிட்டில் இன்ஸ்ட்ருமென்ட் ஆள் கையெழுத்தும் இருக்க வேண்டும். வெசலுக்குள் ஆள் இறங்கும் முன் ஷட்டரை மூடிப் பூட்டி, மீட்டர் வைத்துச் சரிபார்க்காமல் யாரையும் விடாதீர்கள்.

படி 8: அலாரமும் டிரிப்பும்

சதவீதத்தில் யோசிக்காமல் நிமிடத்தில் யோசியுங்கள். 2 மீட்டர் விட்டமுள்ள நிமிர்ந்த வெசலுக்குள் மணிக்கு 30 கன மீட்டர் திரவம் வந்து, வெளியேறும் வால்வு மூடிக்கொண்டால் மட்டம் நிமிடத்துக்கு 16 சென்டிமீட்டர் ஏறும். அலாரம் அடித்து, ஆபரேட்டர் புரிந்துகொண்டு, ஆளை அனுப்பி வால்வைத் திறக்க 10 நிமிடம் என்றால் அலாரத்துக்கும் டிரிப்புக்கும் நடுவே 1.6 மீட்டர் வேண்டும். அவ்வளவு இடம் இல்லை என்றால் அந்த அலாரம் வெறும் சத்தம்.

மட்டம் ஏறுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உயர் அழுத்த செப்பரேட்டரில் மட்டம் இறங்குவது அதைவிட மோசமாக இருக்கலாம். திரவம் தீர்ந்துபோனால் உயர் அழுத்த கேஸ் நேராகக் குறைந்த அழுத்த வெசலுக்குள் பாயும். 1987 மார்ச் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இதுதான். 150 பாருக்கும் மேல் இருந்த செப்பரேட்டரின் கேஸ், சுமார் 9 பாரில் ஓடிய வெசலுக்குள் புகுந்து அதை வெடிக்க வைத்தது, ஒருவர் இறந்தார். லோ லோ டிரிப்பைப் பல ஆண்டுகளுக்கு முன்பே துண்டித்துவிட்டிருந்தார்கள். முக்கியக் கருவியை ஆபரேட்டர்கள் நம்பவில்லை. அவர்கள் நம்பிய சார்ட் ரெக்கார்டரில் ஜீரோ தள்ளியிருந்ததால் மட்டம் இருப்பதாகத் தெரிந்தது.

ஆகவே டிரிப்புக்கான டிரான்ஸ்மிட்டர் கன்ட்ரோல் டிரான்ஸ்மிட்டரிலிருந்து தனியாக இருக்க வேண்டும், தனி நாசிலோடு. மூன்று வைத்து இரண்டு ஒத்துப்போனால் டிரிப் என்ற முறை நல்லது. ஆனால் மூன்றையும் ஒரே பிரைடிலில் ஒரே வகையாக மாட்டினால் மூன்றும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். ஒன்றாவது வேறு தத்துவத்தில் இயங்கட்டும். எதிரொலி தொலைந்தால் அல்லது சென்சார் பழுதானால் சிக்னல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், 3.6 மில்லி ஆம்பியருக்கா 21க்கா என்பதையும் டிரிப்பின் திசையைப் பார்த்து வையுங்கள்.

படி 9: ஸ்டார்ட்அப்பிலும் அன்றாடத்திலும்

முதலில் பாதுகாப்பு. இம்பல்ஸ் லைனைத் திறக்கும் முன் ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள லைனா என்று பாருங்கள். ஆம் என்றால் சட்டையில் டிடெக்டர், மூச்சுக் கருவி, துணைக்கு ஓர் ஆள், வென்ட் பாதுகாப்பான இடத்துக்கு. டிரான்ஸ்மிட்டரின் வால்வுத் தொகுப்பான மேனிஃபோல்டில், இரு பக்க அழுத்தத்தையும் சமப்படுத்தும் ஈக்வலைசிங் வால்வை எப்போது திறப்பது, எதை முதலில் மூடுவது என்ற வரிசையைக் கருவிக்குப் பக்கத்திலேயே எழுதி மாட்டுங்கள். ரிமோட் சீல் உள்ள இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு 70 பாரையும் மெல்லிய டயாஃப்ரத்தின் மேல் ஏற்றுவதைத் தவிர்க்க இதுதான் வழி.

வெசலில் திரவம் ஏறத் தொடங்கியதும் அவசரப்படாதீர்கள். அழுத்தம் மாறிக்கொண்டிருக்கும்போது திரவம் பொங்கும், எந்தக் கருவியும் நிலைக்காது. அந்த நேரத்தில் நம்பத்தக்கது வரவு செலவுக் கணக்கு. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, வித்தியாசம் எங்கே? டெக்சாஸ் சிட்டி டவருக்குள் 3 மணி நேரத்துக்கும் மேல் திரவம் போனது, வெளியே எதுவும் வரவில்லை. அதை யாராவது ஒரு காகிதத்தில் எழுதியிருந்தால் 2.4 மீட்டர் என்ற எண்ணைச் சந்தேகித்திருப்பார்கள். பம்பின் உறிஞ்சு பக்க அழுத்தம், வெசலின் மேல் கீழ் வெப்பநிலை, அகச்சிவப்பு கேமராவில் சுவரில் தெரியும் கோடு எல்லாமே கூடுதல் சாட்சிகள்.

ஷிஃப்ட்டுக்கு ஒரு முறை சைட் கிளாஸையும் திரையையும் ஒப்பிடும் வழக்கம் நல்லதுதான். பனி பிடித்த, அல்லது கண்ணாடி மங்கிய சைட் கிளாஸை ஒப்பிட்டதாக டிக் அடிப்பது ஒப்பிடாமலே விடுவதைவிடக் கெட்டது. படிக்க முடியாத கேஜில் சிவப்பு டேக் மாட்டிவிடுங்கள். ஒரு டிரிப்பை பைபாஸ் செய்தால் யார், எப்போது, எதற்காக, எத்தனை மணி வரை என்று எழுதி அடுத்த ஷிஃப்ட்டிடம் வாயாலும் சொல்லுங்கள்.

மட்டம் கோடு போட்டது போல அசையாமல் நின்றால் சந்தோஷப்பட வேண்டாம். உண்மையான மட்டம் கொஞ்சமாவது ஆடும். அசையாத கோடு என்றால் அடைத்த இம்பல்ஸ் லைன், ஒட்டிக்கொண்ட ஃப்ளோட், அல்லது மேல் நாசிலைத் தாண்டிய திரவம். கன்ட்ரோல் வால்வைச் சிறிது அசைத்துப் பாருங்கள், மட்டம் பின்தொடர்கிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, கலவை மாறும். புதுக் கிணறு ஒன்று இணைந்தாலோ, சந்தை விலையைப் பார்த்து பிளான்ட் ஈத்தேனைப் பிரிப்பதிலிருந்து ஈத்தேனைக் கேஸோடு விட்டுவிடும் முறைக்கு மாறினாலோ, டெமெத்தனைசர் அடித் திரவத்தின் அடர்த்தியும் மாறும், டி.பி. ரேஞ்சும் அதோடு மாற வேண்டும். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரின் கேலிபிரேஷன் தாளிலும் ரேஞ்சுக்குப் பக்கத்தில் எந்தத் திரவ அடர்த்தி, எந்த கேஸ் அடர்த்தி, எந்த இயங்கு முறை என்று எழுதுங்கள். பிராசஸ் இன்ஜினியர் அனுப்பும் மாற்றப் படிவத்தில் லெவல் கருவிகளை மறுபடி கணக்கிட்டாயிற்றா என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.